ஆறு இருபது வண்டியும் எட்டு மணி மாத்திரையும்

சங்கமித்ராவுக்கு ஐம்பத்திரண்டு வயது. நர்ஸ் வேலைக்கு வந்து இருபத்தாறு வருஷம். அதில் கட்டிலில் தூங்கியதைவிட ரயிலில் தூங்கி விழுந்ததுதான் அதிகம் என்று அவளே சொல்லிக்கொள்வாள். வீடு கோலார் தங்கவயலில். வேலை பெங்களூரில், அல்சூர் பக்கம் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில். விடியுமுன் எழுந்து உலை வைத்து, ஐந்தரை வண்டியைப் பிடித்தால் எட்டுக்குள் கண்டோன்மென்ட்டில் இறங்கலாம். திரும்பிப் போக ஆறு இருபது வண்டி. அதை விட்டால் டின் ஃபேக்டரி ஸ்டாப் வரை போய், பஸ்ஸில் தொற்றி, கோலாரில் இறங்கி மாறி, வீட்டுப் படியேறும்போது புருஷன் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்திருப்பார். ஆகையால் ஆறு இருபது வண்டிதான் அவளுடைய குடும்ப வாழ்க்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவளுடைய அப்பா சுரங்கத்தில் இருந்தவர். பௌத்தம் தழுவிய குடும்பம் என்பதால் பெண்ணுக்கு அந்தப் பெரிய பெயரை வைத்தார். ஆஸ்பத்திரியில் யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. 'மித்ரா சிஸ்டர்' என்று நறுக்கிவிட்டார்கள். பெயரைச் சண்டை போட்டுத் திரும்ப வாங்கும் தெம்பு அவளுக்கு எப்போதோ போய்விட்டது. மூட்டு இரண்டும் மாடிப்படியைப் பார்த்தாலே முனகும். ஒரே மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள், ஞாயிற்றுக்கிழமை போனில் வருவாள். ரிட்டயராக இன்னும் ஆறு வருஷம் ஓட்ட வேண்டும்.

மூன்றாவது மாடியில் ஆண்கள் வார்டு அவளுடையது. ஊசி போடுவது, டிரிப் மாற்றுவது எல்லாம் சின்னப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். அவளுக்கு விழுந்த வேலை டிஸ்சார்ஜ். வீட்டுக்குப் போகிறவருக்கு எந்த மாத்திரை எப்போது, எதைச் சாப்பிடக் கூடாது, என்ன நடந்தால் ஓடி வர வேண்டும் என்று விளக்கி, கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். கேட்பதற்குச் சுலபமான வேலைதான். நடக்கிற நேரத்தைப் பார்த்தால்தான் அதன் லட்சணம் தெரியும்.

காலை ரவுண்ட்ஸில் டாக்டர், "இன்னிக்குப் போகலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அந்தக் கணமே நோயாளி மனதளவில் வீட்டுக்குப் போய்விடுகிறார். உடம்பு மட்டும் சட்டை மாற்றிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். மருந்துக் கடையிலிருந்து பை வர வேண்டும், இன்சூரன்ஸ் அனுமதி வர வேண்டும், சம்மரி டைப் ஆகி வர வேண்டும். எல்லாம் வந்து சேர மாலை ஐந்தரை. அதற்குள் நோயாளிக்குப் பசி, மகனுக்கு எரிச்சல், கீழே நிறுத்திய வண்டியை எடுக்கச் சொல்லி வாட்ச்மேன் இரண்டு தடவை போன் செய்திருப்பான். கேஷுவாலிட்டியில் அடுத்த ஆள் ஸ்டிரெச்சரில் காத்திருக்க, படுக்கைகளைக் கவனிக்கும் வீணா கீழேயிருந்து போன் அடிப்பாள். "சிஸ்டர், பெட் காலி ஆயித்தா?" அந்த நேரத்தில்தான் சங்கமித்ரா ஒன்பது மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு பாடம் சொல்ல வேண்டும். கேட்கிறவர்கள் எல்லாரும் தலையாட்டுவார்கள். தலையாட்டினால்தானே வீட்டுக்கு விடுவார்கள்.

தாஸும் அப்படித்தான் தலையாட்டினார்.

அறுபத்தெட்டு வயது மனிதர். தங்கவயல் சுரங்கத்தில், ஆட்களைக் கூண்டில் ஏற்றிக் கீழே இறக்குகிற ஷாஃப்டுக்கு மணியடிக்கிற வேலை பார்த்தவர். சுரங்கம் மூடிய பிறகு இதே பெங்களூரில் வாட்ச்மேன், லிஃப்ட்மேன் என்று இருபது வருஷம் போய் வந்து ஓட்டிவிட்டு ஊரோடு தங்கிவிட்டார். காலில் ரத்தம் கட்டி, வீங்கி, பெங்களூரில் நீலசந்திராவில் இருக்கும் மகன் கிறிஸ்டோபர் கூட்டி வந்து சேர்த்தான். ஊரைக் கேட்டதும் சங்கமித்ராவுக்கு ஒட்டிக்கொண்டது. அவளுடைய லைனுக்கு நாலு லைன் தள்ளி அவர் வீடு. லைன் என்றால் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்த சின்ன வீடுகள். அவளுடைய அப்பா பெயரைச் சொன்னதும் தாஸ் எழுந்து உட்கார்ந்தார்.

"அவரு பொண்ணாம்மா நீ? அவரை எத்தினி தபா கீழ எறக்கியிருக்கேன்!" என்றார். அன்றிலிருந்து அவள் 'தாஸண்ணா' என்றாள். அவர் 'சிஸ்டரு' என்றும் 'நீ' என்றும் மாற்றி மாற்றிப் பேசினார்.

ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. ரத்தம் மறுபடி கட்டாமல் இருக்க ஒரு மாத்திரை எழுதினார் டாக்டர் ரகுராம். ராத்திரி எட்டு மணிக்கு ஒன்று. சின்ன மாத்திரைதான், ஆனால் பொல்லாதது. குறைந்தால் ரத்தம் கட்டும், கூடினால் கண்ட இடத்தில் ரத்தம் கசியும். நடுவே ஒரு நூல் அளவு வழிதான் உண்டு. அதைத்தான் அன்று மாலை ஐந்தே முக்காலுக்கு சங்கமித்ரா அவருக்கும் கிறிஸ்டோபருக்கும் சொல்லத் தொடங்கினாள். சொல்ல வேண்டியது ஒன்பது விஷயம். ஐந்தாவதில் இருக்கும்போது சுவர்க் கடிகாரத்தின் மேல் அவளுடைய கண் போனது. போனதை தாஸ் பார்த்துவிட்டார்.

"புரிஞ்சிடுச்சும்மா. எல்லாம் புரிஞ்சிடுச்சு. நீ கெளம்பு" என்றார்.

"இன்னும் நாலு இருக்குண்ணா."

"அதான் பேப்பர்ல இருக்குல்ல? பையன் படிப்பான். எங்க போடணும் கையெழுத்து?"

கையெழுத்துப் போட்டார். அவளும் கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டாள். கிறிஸ்டோபர் காகிதத்தை போனில் படம் பிடித்துக்கொண்டான். ஆறு இருபது வண்டியில் அன்றைக்கு உட்கார இடம்கூடக் கிடைத்தது. நல்ல நாள் என்று நினைத்துக்கொண்டே பங்காருப்பேட்டை வரை தூங்கினாள்.

ஒன்பதாம் நாள் தாஸ் திரும்பி வந்தார். மூக்கில் பஞ்சு, ஈறெல்லாம் ரத்தம், கை முழுக்க நீலத் திட்டு. வெளிக்குப் போனது கறுப்பாக இருந்ததை மூன்று நாளாக யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். ரத்தப் பரிசோதனையைப் பார்த்த ரகுராம் இரண்டாம் தடவை மிஷினில் போட்டுப் பார்க்கச் சொன்னார். மிஷின் சரியாகத்தான் இருந்தது.

கூட வந்தவள் அவருடைய மனைவி செண்பகம். கையில் ஒரு பிஸ்கட் டப்பா. சங்கமித்ரா கேட்காமலேயே திறந்து காட்டினாள். உள்ளே டஜன் கணக்கில் பாதி வெட்டிய மாத்திரை அட்டைகள்.

அந்த டப்பாவைப் பற்றி சங்கமித்ராவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவள் வீட்டிலும் ஒன்று இருந்தது. சுரங்கம் மூடி, அதோடு கம்பெனி ஆஸ்பத்திரியும் போன பிறகு, லைன்களில் யாரும் மாத்திரையைத் தூக்கிப் போடுவதில்லை. ஒருவர் செத்துப்போனால், காரியம் முடிந்ததும் மிச்ச மாத்திரை அதே வியாதி இருக்கும் அடுத்த வீட்டுக்குப் போகும். சர்க்கரை மாத்திரை சர்க்கரைக்காரருக்கு, பிரஷர் மாத்திரை பிரஷர்காரருக்கு. செத்தவர் வீட்டிலிருந்து வருவதை வேண்டாம் என்று சொல்வது அங்கே மரியாதை இல்லை.

"இது பீட்டரண்ணன்து சிஸ்டர். ஈஸ்டருக்கு முன்னாடி தவறிட்டாரு. நெஞ்சு ஆபரேஷன் பண்ணிக்கிட்டவரு. இவருக்கும் ரத்தம்தானே கட்டிக்கிச்சு, நல்லா கேக்கும்னு அவங்க வூட்டம்மா குடுத்தாங்க. காலைல பீட்டரண்ணன்து ஒண்ணு, ராத்திரி நீங்க குடுத்தது ஒண்ணு. நேரம் தவறாம குடுத்தேன்" என்றாள் செண்பகம்.

சங்கமித்ரா இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கம்பெனி வேறு, பெயர் வேறு, அட்டையின் நிறம் வேறு. பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் மருந்து மட்டும் ஒன்றுதான். ஒரே மருந்தை அந்த அம்மாள் தினம் இரண்டு வேளை, நேரம் தவறாமல் கொடுத்திருக்கிறாள். 'வீட்டில் இருக்கும் பழைய மாத்திரை எதையும் கேட்காமல் கொடுக்கக் கூடாது.' ஒன்பது விஷயத்தில் அது ஏழாவது. ஐந்தாவதோடு நின்றுபோன பாடம். அதுவும் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற கை இந்த அம்மாளுடையது என்று தெரியாமல், நீலசந்திராவில் இருக்கும் மகனிடம் சொன்ன பாடம்.

ரகுராமிடம் போய், "என் தப்புதான் டாக்டர்" என்றாள். அவர் ஃபைலைப் புரட்டினார்.

"ஏன் சிஸ்டர்? நீங்க எக்ஸ்பிளைன் பண்ணியிருக்கீங்க. டிக் இருக்கு, பேஷண்ட் சைன் இருக்கு. உங்க மேல எதுவும் வராது" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "இந்தத் தடவை தப்பிச்சுட்டார். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா மூளைல பிளீட் ஆகும். அப்ப இங்க கொண்டு வந்தும் பிரயோஜனமில்லை" என்றார்.

உங்கள் மேல் எதுவும் வராது. அந்த வார்த்தை அவளுக்கு ஆறுதலாக இல்லை. அவமானமாக இருந்தது.

நாலாம் நாள் ரத்தம் நின்று, தாஸ் கஞ்சி குடிக்கிற நிலைமைக்கு வந்ததும் கேட்டே விட்டாள். "அன்னைக்கு ஏண்ணா புரிஞ்சிடுச்சுன்னு சொன்னீங்க? எவ்வளவு புரிஞ்சுது உங்களுக்கு?"

அவர் கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கு வண்டி போயிடுமேன்னுதாம்மா. ஆறு இருபதை வுட்டா என்னா கஷ்டம்னு எனக்குத் தெரியாதா? இருபது வருஷம் நானும் அதுலதானே போய் வந்தேன்."

அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் மேல், தன் மேல், அந்தக் கடிகாரத்தின் மேல், ரயில்வே மேல். "என் வண்டியைப் பத்திக் கவலைப்படச் சொல்லி உங்களை யார்ண்ணா கேட்டா? செத்துப் போயிருப்பீங்க!" என்று கத்திவிட்டாள். பக்கத்துப் படுக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். சங்கமித்ரா பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, அடுத்த படுக்கைக்கு டெம்பரேச்சர் பார்த்தாள்.

பத்து நாள் கழித்து அவருக்கு மறுபடியும் டிஸ்சார்ஜ். அதே மாத்திரைதான், அளவு மட்டும் குறைத்திருந்தார் ரகுராம். வேறு வழியில்லை, காலில் ரத்தக் கட்டி மறுபடி வந்தால் அது நுரையீரலுக்குப் போகும். ஆக தாஸ் அதே நூல் அளவு வழியில்தான் வீட்டுக்கு நடக்க வேண்டும். இந்தத் தடவை கிறிஸ்டோபரிடம், "அம்மா இல்லாம டிஸ்சார்ஜ் கிடையாது, டப்பாவும் வரணும்" என்று முன்தினமே சொல்லியிருந்தாள். எல்லாக் காகிதமும் சேர்ந்தது வழக்கம்போல ஐந்து நாற்பதுக்கு. காலையிலிருந்து நின்ற கால்கள் விறகாகியிருந்தன. அன்றைக்கு அது ஆறாவது டிஸ்சார்ஜ்.

ஸ்டூலை இழுத்து, கடிகாரத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். டப்பாவைக் கட்டிலில் கொட்டி, செண்பகத்தின் கண் முன்னே வேண்டாததையெல்லாம் பிரித்தாள். பீட்டருடைய மாத்திரையைத் தனியே எடுத்து, "அவங்க வீட்டம்மா கேட்டா நான் வாங்கிக்கிட்டேன்னு சொல்லுங்க, கோவம் என் மேல இருக்கட்டும்" என்றாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள். ஒன்றிலிருந்து நாலு வரை, மெதுவாக. ஐந்து. ஆறு. போன் அடித்தது.

"சிஸ்டர், பெட்?"

"ஆகலை வீணா. இன்னும் ஆகலை."

"அஞ்சு நிமிஷமா சிஸ்டர்?"

"தெரியாது" என்று வைத்துவிட்டாள். இருபத்தாறு வருஷத்தில் வீணாவுக்கும் வீணாவுக்கு முன் இருந்தவர்களுக்கும் அவள் தெரியாது என்று சொன்னதில்லை.

ஒன்பதும் சொல்லி முடித்ததும் தாஸ், "புரிஞ்சிடுச்சும்மா" என்றார்.

"சொல்லுங்க."

"என்னா சொல்றது?"

"நான் சொன்னதை நீங்க சொல்லுங்க."

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. "நான் என்னா ஸ்கூல் பிள்ளையா?" என்றார். கிறிஸ்டோபர் வாட்ச்சைப் பார்த்தான். சங்கமித்ராவுக்கு ஒரு கணம் எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்றிருந்தது. கையெழுத்தை வாங்கி, பையைத் தூக்கினால் வண்டி கிடைக்கும். அப்போதுதான் அவள் கேட்டாள்.

"அண்ணா, ஷாஃப்டுல கூண்டுக்குள்ள ஆள் ஏறினா எத்தனை மணி அடிப்பீங்க?"

"மூணு."

"அடிச்ச உடனே கூண்டு நகருமா?"

"அது எப்படி நகரும்? மேல இருந்து இன்ஜின்காரன் மூணு திருப்பி அடிக்கணும். திருப்பி அடிச்சாதான்..." தாஸ் அங்கேயே நின்றுவிட்டார்.

"எங்கப்பா அந்தக் கூண்டுல இருந்தாரு. நான் அடிச்சிட்டேன்ணா. நீங்க திருப்பி அடிங்க" என்றாள்.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். எட்டு மணிக்கு ஒன்று என்றார். வலி மாத்திரை கூடாது என்றார். ஈறில் ரத்தம், கறுப்பாகப் போவது, தலையில் அடி, இதில் எது வந்தாலும் உடனே வர வேண்டும் என்றார். செவ்வாய்க்கிழமை ரத்தம் பார்க்க வேண்டும். எல்லாம் சரியாகத்தான் வந்தது. சங்கமித்ராவே எழுந்துவிட்டாள். நின்றபடி, "ஒரு நாள் மறந்துட்டீங்கன்னா?" என்று கேட்டாள்.

"மறந்தா என்னா, மறுநாள் ரெண்டா போட்டுக்கறது" என்றார் தாஸ். செண்பகமும் தலையாட்டினாள்.

சங்கமித்ரா மறுபடி உட்கார்ந்தாள். இத்தனைக்குப் பிறகும் இந்த மனிதர் ஒரு மறதியில் செத்திருப்பார். காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்திருக்கும், அவள் மேல் எதுவும் வந்திருக்காது. இருபத்தாறு வருஷமாகத் தலையாட்டிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. நினைக்கவில்லை.

"இல்லண்ணா. ரெண்டு எப்பவுமே கிடையாது. மறந்தது மறந்ததுதான், அதை விட்டுடணும். மறுநாள் எட்டு மணிக்கு ஒண்ணே ஒண்ணு. சந்தேகம்னா எனக்கு போன்."

முதலில் அவர் சொன்னார். பிறகு செண்பகம் சொன்னாள், பாதியில் தடுமாறி, மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் தடவை இரண்டு பேரும் தடுமாறாமல் சொன்னார்கள். தன் நம்பரைச் செண்பகத்தின் பழைய பட்டன் போனில் சங்கமித்ராவே ஏற்றிக் கொடுத்தாள்.

அப்போதுதான் தாஸ் அவளுக்குப் பின்னால் இருந்த கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். "ஐயோ, ஆறரை! வண்டி போயிடுச்சேம்மா!"

மனிதரின் முகத்தில் வந்த பதற்றத்தைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை. இனிமேல் போன் பண்ணக்கூட யோசிப்பார் என்று தோன்றியது. "எனக்கு இன்னைக்கு நைட் டூட்டிண்ணா. வண்டியே கிடையாது" என்றாள். இத்தனை லேசாகப் பொய் வரும் என்று அவளுக்கே தெரியாது.

தாஸின் முகம் தெளிந்தது. "அட, முன்னாடியே சொல்லக் கூடாதா? இல்லாட்டி எங்ககூட வந்திடுன்னு கூப்பிட்டிருப்பேன். பையன் கார் எடுத்தாந்திருக்கான், ஒரு சீட்டு சும்மாதான் வருது. உங்க லைன் வாசல்லயே எறக்கி வுட்டிருப்பான்."

கிறிஸ்டோபரும், "ஆமா சிஸ்டர், ஏசி வண்டி" என்றான்.

சங்கமித்ரா சிரித்து வைத்தாள். சொன்ன பொய்யை உடனே எப்படித் திரும்ப வாங்குவது? அவர்களை லிஃப்ட் வரை கொண்டுபோய் விட்டாள். வீணாவுக்கு போன் செய்து, "பெட் ஆயித்து" என்றாள். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி, கீழே மருந்துக் கடைத் தூணுக்குப் பின்னால், கிறிஸ்டோபர் காரைத் திருப்பி வெளியே எடுக்கும் வரை திருடியைப் போல நின்றாள். முன்சீட்டில் தாஸ். பின்சீட்டில் செண்பகமும் பிஸ்கட் டப்பாவும். பக்கத்தில் ஒரு ஆள் தாராளமாகக் காலை நீட்டி உட்காரலாம். கார் கேட்டைத் தாண்டியதும் அவள் நடந்துபோய் டின் ஃபேக்டரிக்குப் பஸ் ஏறினாள்.

கோலார் பஸ்ஸில் உட்கார இடமில்லை. ஒரு கம்பியில் சாய்ந்து, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாள். ஹொசகோட்டை நெருங்கும்போது பையில் போன் அதிர்ந்தது. தெரியாத நம்பர். மணி எட்டு மூன்று.

"சிஸ்டர், நான் செண்பகம். வண்டிய ஓரமா நிறுத்தச் சொல்லி, எட்டு மணிக்குக் குடுத்தேன். ஒண்ணுதான் குடுத்தேன். நாளைக்கு..." என்று அவள் தொடங்கும்போதே பின்னால் தாஸின் குரல் கேட்டது.

"போதும் வையி! அந்தம்மா டூட்டில இருக்கு, வேலையைக் கெடுக்காத!"

"ஹொஸ்கோட்டே, ஹொஸ்கோட்டே! இளிரி, இளிரி!" என்று இறங்கச் சொல்லிக் கண்டக்டர் அவள் காதருகே கத்தினான். சங்கமித்ரா சட்டென்று போனைக் கையால் பொத்தினாள். இறங்குகிறவர்கள் அவளை இடித்துக்கொண்டு போனார்கள். பஸ் கிளம்பிச் சத்தம் அடங்கும் வரை பொத்தியபடியே இருந்து, பிறகு காதில் வைத்தாள்.

"அவரு சொல்றதை விடுங்கக்கா, நாளைக்கு என்னன்னு சொல்லுங்க" என்றாள். "மெதுவா முழுசா சொல்லுங்க. எனக்கு நெறைய நேரம் இருக்கு."